அய்யாத்துரை மட்டப்பா போட்ட வரலாறு

கோம்பை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அய்யாத்துரைக்கு, ட்யூபில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் கண்டுபிடிப்பவர் என்று சின்னமனூர் வரைக்கும் பேர் உண்டு. தண்ணீர்ச் சட்டியில் ட்யூபை அமுக்கிப் பிடித்தபடி, ஒரே ஒரு குமிழி மேலே வரும்வரை கொக்கு மாதிரி குந்தியிருப்பார். மற்ற கடைக்காரர்கள் காற்று நிற்கிறதே, போதும் என்று விட்டுவிடுகிற ஓட்டையை அவர் விடமாட்டார். இந்தப் பொறுமையில் கால்வாசியைத்தான் அவர் தொழிலுக்குச் செலவழித்தார். மிச்சம் முக்கால்வாசியைத் தன் பெரியப்பா மகன் சுருளியாண்டிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

இருவரும் பாகம் பிரித்தது 1963-இல். தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீட்டுக்குக் குறுக்கே கயிறு பிடித்தார்கள். கடைத்தெருவைப் பார்த்த முன்பாதியும் தலைவாசலும் மூத்தவர் சுருளியாண்டிக்கு. சந்துப் பக்கம் பார்த்த பின்பாதியும் மாட்டுத் தொழுவமும் இளையவர் அய்யாத்துரைக்கு. இதில் அய்யாத்துரைக்கு மனத்தாங்கல் கிடையாது. மூத்தவருக்கு முன்பாதி என்பது முறைதான். ஆனால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சுருளியாண்டி ஒன்று சொன்னார். அய்யாத்துரைக்குக் கல்யாணமாகி அப்போது மூன்றே மாதம். புதுப்பெண்டாட்டி அக்கம்மாளும், அவளைப் பெற்றவர்களும், மச்சினன் செல்லப்பாண்டியும் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

"பஞ்சர் ஒட்டுறவனுக்குத் தலைவாசல் என்னத்துக்குடா? நீ வர்றதும் போறதும் யாருக்குத் தெரியப்போகுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மரியாதைக்காகச் சம்பந்தகாரர்களும் கொஞ்சம் சிரித்தார்கள். அய்யாத்துரையின் பதில் தயாராகப் பதினைந்து வருஷம் ஆயிற்று. ஆனபோது அது வாயால் சொல்லிவிட்டுப் போகிற பதிலாக இல்லாமல், ஜல்லியும் சிமெண்டும் கலந்து வார்க்கிற பதிலாக இருந்தது.

1978 சித்திரையில் அவர் வீட்டைப் பிரித்துக் கட்ட ஆரம்பித்தார். கேட்டவர்களுக்கெல்லாம் மழைக்கு ஒழுகுகிறது என்று காரணம் சொன்னார். அது பொய்யில்லை, ஒழுகத்தான் செய்தது. உண்மைக் காரணத்தைக் கொத்தனார் மரிய ஜோசப்பிடம் மட்டும் சொன்னார். ராயப்பன்பட்டிக்காரரான மரிய ஜோசப், வீட்டுக்காரர்களின் ரகசியங்களைக் கேட்டுக் கேட்டே காது தழைந்த மனிதர்.

"ஓட்டைப் பிரிச்சிட்டுக் காங்கிரீட்டுல மட்டப்பா போடணும். முன்வீட்டு முகட்டவிட மூணடி ஒசரமா இருக்கணும்."

"காத்தோட்டத்துக்கா?"

"மனசோட்டத்துக்கு."

மரிய ஜோசப் ஒரு தரம் முன்வீட்டு முகட்டைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்காமல் சுவரை எத்தனை வரிசை ஏற்றவேண்டும் என்று எண்ண ஆரம்பித்தார்.

வஞ்சம் தீர்க்கிற வேலையில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அய்யாத்துரை எதிர்பார்க்கவில்லை. தாலுகா ஆபீசுக்கு அலைந்து சிமெண்ட் பெர்மிட் வாங்கிய நாளில் தொடங்கி, வீடு திருவிழாக் கொட்டகை மாதிரி ஆகிவிட்டது. போடியிலிருந்து இரண்டு நாள் ஒத்தாசைக்கு என்று வந்த செல்லப்பாண்டி ஐந்து மாதம் தங்கினான். பக்கத்துக் கடைத் தையல்காரர் செல்வமணி, மெஷினை மூடிவிட்டு வந்து செங்கல் நனைத்தார். ஓடு பிரித்த அன்று சந்து முழுக்க ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி ஓடுகளை இறக்கினார்கள். ஓட்டுக்கு ஒரு தேள் வீதம் ஓடியது. ஒவ்வொரு தேளுக்கும் பெண்கள் அலறினார்கள், ஆண்கள் அலறாத மாதிரி நின்றார்கள். கல்யாணத்தின்போது காணாமல்போய், மாமியார் மேல் பழி விழுந்த வெங்கலக் கரண்டி ஒன்று உத்தரத்து இடுக்கிலிருந்து கிடைத்தது. எலியின் வேலை. மாமியார் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்ததால் மன்னிப்புக் கேட்க வழியில்லாமல், அக்கம்மாள் கரண்டியைக் கழுவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

படி எங்கே வைப்பது என்பதில் மட்டும் ஐந்து நாள் சண்டை நடந்தது. வீட்டுக்குள்ளே வைத்தால் இடம் போகும் என்றான் செல்லப்பாண்டி. வெளியே வைத்தால் திருடன் வருவான் என்றார் செல்வமணி. உன் சைக்கிள்களைத் திருட ஏணி தேவையா என்று ஒருவர் அய்யாத்துரையைக் கேட்டார். கடைசியில் சந்துப் பக்கம் வெளிச்சுவரை ஒட்டியே படி ஏறியது. அக்கம்மாளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே மரிய ஜோசப்பிடம் போய், நின்றுகொண்டு சமைக்கிற மாதிரி இடுப்பு உயரத்துக்கு ஓர் அடுப்பு மேடை வேண்டும் என்று சொல்லி, கையை வைத்து அளவும் காட்டிவிட்டு வந்தாள். பதினைந்து வருஷமாகக் குந்தி உட்கார்ந்து ஊதியவளுக்கு இந்த வீட்டில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சாரம் கட்டியவுடன் மரிய ஜோசப், காங்கிரீட் போடுவதற்கு முன் திருஷ்டி பொம்மை கட்டவேண்டும் என்றார். வேதக்காரராக இருந்துகொண்டு இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று செல்வமணி கேட்டார்.

"நான் வேதக்காரன்தான். காங்கிரீட்டுக்கு வேதம் தெரியாதுல்ல" என்றார் மரிய ஜோசப்.

ஊரில் புதுவீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் கட்டுவதுதான். ஒரு பழைய சட்டை, ஒரு பழைய பேண்ட், உள்ளே வைக்கோல், தலைக்கு ஒரு மண்சட்டி, அதில் சுண்ணாம்பால் கண்ணும் பல்லும். வருகிற கண்ணேறு வீட்டின் மேல் விழாமல் பொம்மை மேல் விழும். குடிபுகுவதற்கு முந்தின நாள் பொம்மையை இறக்கி முச்சந்தியில் எரித்துவிட்டால், விழுந்த கண்ணெல்லாம் சாம்பல். அதற்குப் பிறகுதான் பால் காய்ச்சலாம். அரைமணி நேர வேலை.

அய்யாத்துரை எட்டு நாள் செய்தார்.

சுருளியாண்டி சித்திரை வெயிலிலும் கழுத்தில் காப்பிப்பொடி நிற மப்ளர் சுற்றியிருப்பார். வேட்டிக்கு மேலே பச்சை ரெக்ஸின் பெல்ட். மீசை ஒரு பக்கம் மட்டும் மேலே தூக்கியிருக்கும். யாரோ கூப்பிட்டது மாதிரி இடது தோள் எப்போதும் காதோரம் ஏறி நிற்கும். இவ்வளவையும் அய்யாத்துரை மனத்திலிருந்தே எடுத்தார். பதினைந்து வருஷம் ஒருவரையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு எதிரே ஆள் உட்கார வேண்டியதில்லை. மப்ளரையும் வேட்டியையும் செல்வமணி வெட்டித் தைத்தார். பெல்ட் பழைய சைக்கிள் சீட் உறையிலிருந்து வந்தது. சட்டியில் முகம் எழுதும்போது மட்டும் அய்யாத்துரை யாரையும் பக்கத்தில் விடவில்லை. எழுதி முடித்துத் தூக்கிக் காட்டியபோது செல்லப்பாண்டி தன்னையறியாமல் பீடியை அணைத்தான்.

உயரமான மூங்கிலில் பொம்மை ஏறியது. முன்வீட்டு முகட்டுக்கு மேலாகக் கடைத்தெருவையே பார்த்து நின்றது. முதல் நாள் நான்கு பேர் அதற்கு வணக்கம் வைத்துவிட்டு, பிறகு வெட்கப்பட்டுப் போனார்கள்.

சுருளியாண்டி பொம்மையைப் பார்க்கவில்லை. வீட்டைவிட்டு இறங்கும்போதும் ஏறும்போதும் தரையையே பார்த்து நடந்தார். இது என்னடா என்று கேட்டால் அது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே கேட்க முடியாமல் திணறினார். அந்தத் திணறலைக் கடையிலிருந்து பார்த்து ரசிப்பதற்கென்றே அய்யாத்துரை பஞ்சர்ச் சட்டியை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

காட்டிக்கொடுத்தது நாய்தான். சுருளியாண்டி வளர்த்த செவலை, அசல் கோம்பை நாய். எஜமானரைத் தவிர யார் கிட்டே வந்தாலும் கெண்டைக்காலைக் கேட்கும். அது நேராகச் சந்துக்குள் வந்து, மூங்கிலுக்கு அடியில் உட்கார்ந்து, மேலே பார்த்து வாலாட்டியது. பொம்மை கீழே இறங்கிவந்து சோறு வைக்காததால், சாயங்காலமானால் ஊளையும் இட்டது.

வைகாசியில் காங்கிரீட் போட்டார்கள். அன்றைக்குப் பகையெல்லாம் பார்க்க மாட்டார்கள்; கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வருவார்கள். கலவையை நிற்கவிடக்கூடாது என்பதுதான் அன்றைக்குச் சட்டம். விடிந்ததிலிருந்து நாற்பது பேர் படி நெடுக நின்று சட்டி மாற்றினார்கள். ஜல்லிச் சத்தம், கேலி, யாரோ ஒருத்தியின் தெம்மாங்கு, கீழே கிடாக்கறி வேகிற வாசனை. சிமெண்டுத் தூளில் எல்லோருக்கும் ஒரே வயசாகிவிட்டது. சுருளியாண்டியின் மனைவி ஜக்கம்மா ஒரு பானை மோர் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் இடுப்பில் கையூன்றி அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். சந்தே வேலையை நிறுத்தி மூச்சைப் பிடித்தது.

"ஏப்பா அய்யாத்துரை, எல்லாஞ் சரி. மீசை மட்டும் மாறிப்போச்சு. உங்க அண்ணனுக்கு வலது பக்கமுல்ல தூக்கியிருக்கும்."

அய்யாத்துரை ஏணி போட்டு ஏறி மீசையைத் திருத்தினார். கீழேயிருந்து ஜக்கம்மா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினாள்.

இது காதுக்கு எட்டிய பிறகுதான் சுருளியாண்டி ஊர்க்கூட்டத்துக்குப் பிராது கொடுத்தார். காளியம்மன் கோயில் வாசலில் கூட்டம் கூடியது. ஊர்ப் பெரியதனக்காரர் நியாயஸ்தர். சண்டையை வளர்க்காமல் சாப்பாட்டுக்குப் போகவேண்டும் என்ற எண்ணமுள்ளவர். அய்யாத்துரைக்குத் தப்பிக்க ஒரு வழியைத் தட்டில் வைத்து நீட்டினார்.

"ஊரு ஒலகத்துல எல்லாரும் கட்டுறதுதான். அது வெறும் வைக்கோல் பொம்மைதானப்பா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சுருளியாண்டிதான் ஒரு பொம்மையைப் பார்த்து மிரண்டவர் என்று ஊர் சிரித்திருக்கும். செல்லப்பாண்டி பின்னாலிருந்து இடித்தான், செல்வமணி இருமினார். ஆனால் அய்யாத்துரை தட்டை வாங்கவில்லை. எட்டு நாள் உட்கார்ந்து எழுதிய முகத்தை வெறும் வைக்கோல் என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தனை பேருக்கு நடுவே நிற்கிற வாய்ப்பும் மறுபடி வராது.

"இல்லைங்க. அது இவுகதான். என் பெரியப்பா மகன் சுருளியாண்டி. ஒருத்தரும் சந்தேகப்பட வேண்டாம்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்பு கயிற்றைச் சுருட்டியவர் முகம் சுருங்கியது. ஆனால் கொஞ்சநேரத்தில் அந்த முகம் மெதுவாக விரிந்ததை அய்யாத்துரை கவனிக்கவில்லை. சட்டியில் வந்த முதல் குமிழியை அவர் தவறவிட்டது வாழ்க்கையில் அன்று ஒரு தடவைதான்.

"ஒத்துக்கிட்டான்ல, அது போதும். பெரியவுக முன்னால சொன்னது. எல்லாரும் கேட்டுக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுருளியாண்டி எழுந்தார். வழக்கப்படி குடிபுகும்போது இறக்கிவிட வேண்டியது என்று பெரியதனக்காரரும் எழுந்துவிட்டார்.

ஆவணி பிறந்து, அந்த மாதத்தின் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். முந்தின நாள் பொழுது சாய, பொம்மை இறங்கியது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அத்தனை செங்கலும் ஏறியது. கோம்பையில் பாதிப்பேர் முச்சந்தியில் நின்றார்கள். அய்யாத்துரை தீப்பெட்டியை எடுத்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுருளியாண்டி வந்தார். அன்றைக்கென்று துவைத்த மப்ளர்.

"பத்த வைக்கப்போறது யாரு?"

"நான்தான். ஏன்?"

"வையி, வையி. எனக்குத்தான் ஆம்பளப் பிள்ளை இல்லையே. பங்காளிதான் கொள்ளி வைக்கணும், அது மொறைதான். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். எனக்குக் கொள்ளி வச்சா ஒனக்குப் பதினாறு நாத் தீட்டாச்சே. காலையில எப்படிப் பால் காச்சுவ?"

பால் காய்ச்ச வந்திருந்த பூசாரி மெல்லத் தலையசைத்தார். அது சுருளியாண்டிதான் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னது இதே வாய். அவருக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் தீட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? பதினாறு நாள் கழித்தால் புரட்டாசி. புரட்டாசியில் யாரும் குடிபுக மாட்டார்கள்; ஐப்பசிவரை வீடு பூட்டிக் கிடக்கும். எரிக்காமல் விட்டாலோ, பால் காய்ச்ச முடியாது.

பெரியதனக்காரர் பழைய தட்டை மறுபடியும் நீட்டினார். "அய்யாத்துரை, ஒரு வார்த்தை. வைக்கோல்னு சொல்லிட்டுப் பத்த வையி. வீட்டுக்குப் போவோம்."

அக்கம்மாள் அவர் கையைப் பிடித்தாள். வழக்கமாக நாலு பேர் நடுவே பேசாதவள் அன்று பேசினாள். "அந்த மேடையில நாளைக்கு ஒரு தரம் நின்னு பால் காச்சிக்கிறேன். வைக்கோல்னு சொல்லிருங்க. ஒங்க நாக்கு தேஞ்சா போகும்?"

அய்யாத்துரை இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் மூன்றடி உயர்ந்த புதுவீடு, பெண்டாட்டியின் அடுப்பு மேடை, நாற்பது பேர் சட்டி மாற்றிய மட்டப்பா. இன்னொரு பக்கம் எதிரே நிற்கிற இரண்டு சுருளியாண்டிகள். ஒருவர் வைக்கோல், ஒருவர் சிரிப்பு. வைக்கோல் என்று சொன்னால், தான் எரிப்பது வெறும் வைக்கோலாகிவிடும். வைக்கோலை எரிக்கவா பதினைந்து வருஷம் காத்திருந்தார்?

குச்சியை உரசினார்.

"அண்ணே, நல்லபடியாப் போய்ச் சேருங்க" என்றார்.

பொம்மை நன்றாகவே எரிந்தது. மப்ளர்தான் கடைசியாக எரிந்தது. செவலை மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி அழுதது. சுருளியாண்டி தன் சிதைக்கு எதிரே கைகட்டி நின்றார். இவன் வைக்கோல் என்று சொல்லிவிடுவான் என்று அவர் உறுதியாக நம்பியிருந்தது அவர் முகத்தில் தெரிந்தது. தனக்குக் கொள்ளி வைத்ததைக் கண்ணால் பார்த்தவர் கோம்பையில் அவருக்கு முன்னால் கிடையாது. அந்த முகத்தைத்தான் அய்யாத்துரை பார்த்துக்கொண்டிருந்தார். தான் எட்டு நாள் எழுதிய முகத்தைவிட இது இன்னும் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மொட்டை அடித்து மீசையும் எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரர்கள் எல்லோரும் பூட்டின புதுவீட்டுக்கு எதிரே, வேலைக்காகப் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில் தீட்டுக் காத்தார்கள். கடைக்கு வந்தவர்கள் யாருக்குத் துக்கம் என்று கேட்டால், அதோ போகிறாரே அவருக்கு என்று கை காட்டினார். அக்கம்மாள் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், குந்தி உட்கார்ந்து அடுப்பு ஊதும்போது எழுந்த புகையைத் துண்டால் விசிறி, அவர் உட்கார்ந்திருந்த பக்கம் திருப்பிவிட்டாள். அதன்பிறகு தினமும் திருப்பிவிட்டாள்.

பதினாறாம் நாள் கருமாதி. பங்காளிகள் எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்பது முறை. சுருளியாண்டியும் பங்காளி. ஆகவே செல்லப்பாண்டி போய், ஒங்க கருமாதிக்கு வந்துருங்க மாமா என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு வந்தான். சுருளியாண்டி வந்தார். முதல் பந்தியில் முதல் இலை. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைக்கவேண்டும் என்பதால் அக்கம்மாள் ஜக்கம்மாவிடம் கேட்டு, சுண்டைவற்றல் குழம்பும் பலாக்கொட்டைப் பொரியலும் செய்திருந்தாள்.

படையல் சோற்றை இலையில் வைத்துச் சுவர் மேல் வைத்தார்கள். காக்கை எடுத்தால்தான் பந்தி. ஒன்று வந்தது, சோற்றைப் பார்த்தது, போய்விட்டது. இன்னொன்று வந்து எட்டவே உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டது. காக்கை எடுக்காவிட்டால் செத்தவருக்கு மனத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம். அது இன்னதென்று ஊகித்து, செய்கிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால் காக்கை எடுக்கும். மற்ற வீடுகளில் ஊகிக்க வேண்டியிருக்கும். இங்கே செத்தவர் முதல் இலையில் உட்கார்ந்திருந்ததால், பெரியதனக்காரர் நேராகவே கேட்டார்.

"சுருளியாண்டி, பிள்ளைக பசியோட இருக்கு. ஒனக்கு என்ன கொறை, சொல்லு."

சுருளியாண்டி இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பிறகு, "அந்த மட்டப்பால ஏறி நின்னு ஒரு தரம் பாக்கணும்" என்றார்.

அந்த மட்டப்பா இந்த மனிதரைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கவைப்பதற்காகவே போட்டது. ஆனால் கொள்ளி வைத்தவர் செத்தவரின் ஆசையைத் தட்டமுடியாது. படி வெளியே இருந்ததால், பால் காய்ச்சாத வீட்டுக்குள் போகக்கூடாது என்ற சாக்கும் செல்லவில்லை. அய்யாத்துரை முன்னால் ஏறினார். பின்னால் சுருளியாண்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

மேலே நின்று சுருளியாண்டி மேகமலைப் பக்கம் பார்த்தார், வயல்களைப் பார்த்தார். பிறகு கீழே, முதல் தடவையாகத் தன் வீட்டு முகட்டை மேலிருந்து பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார். நாட்டு ஓடுகள் நொறுங்கி, பாசி பிடித்து, நடுவில் ஓரிடம் தொட்டிலாகத் தொங்கியது. ஓட்டை அடைக்க எப்போதோ சொருகிய தகரம் துருவேறிச் சிவந்திருந்தது.

"எங்கன பாத்தாலும் ஓட்டையாவுல்ல இருக்கு" என்றார் சுருளியாண்டி. குரல் இறங்கியிருந்தது.

அய்யாத்துரை பக்கத்தில் வந்து நின்றார். அவர் தொழிலில் எதைத் தேடிப் பிழைத்தாரோ அது கீழே விரிந்து கிடந்தது. ஒன்றையும் விடவில்லை. விரல் நீட்டி, ரொம்ப நிதானமாக, ரொம்பப் பிரியமாக ஒவ்வொன்றாகக் காட்டினார். "அங்கன ஒண்ணு பாருங்கண்ணே. இங்கன, முகட்டோரம் ரெண்டு. அது நீங்க படுக்கிற எடத்துக்கு நேரா இருக்கு போல."

"மழைக்கு முன்னால பிரிச்சிரணும்" என்றார் சுருளியாண்டி. துண்டை மறு தோளுக்கு மாற்றிப் போட்டு, "ஆளு வேணும்" என்றார்.

"நான் வர்றேன்" என்றார் அய்யாத்துரை.

கீழே காக்கை எடுத்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. பந்தியில் சுருளியாண்டி, குழம்பில் உப்புக் குறைச்சல் என்று சொல்லிவிட்டு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த வாரமே முன்வீட்டு ஓடு பிரித்தார்கள். முதலில் முகட்டில் ஏறியவர் அய்யாத்துரை. பொழுதுக்கும் இறங்கவில்லை, சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை. செல்லப்பாண்டி ஓடு வாங்குவதற்குக் கீழே கையை ஏந்தி நின்றதோடு சரி. இன்னொருவர் வீட்டைப் பிரிப்பதில் இவ்வளவு உற்சாகம் காட்டியவரை மரிய ஜோசப் தன் அனுபவத்தில் பார்த்ததில்லையாம். அன்று இறக்கிய ஓடுகளில் முழுசாகத் தரைக்கு வந்து சேர்ந்தவை ரொம்பக் குறைவு.